ஊறட்டும்

தீக்காய வார்டில் டிரெஸ்ஸிங் வண்டி வருவது முதலில் மூக்குக்குத்தான் தெரியும். ஸ்பிரிட் வாசனை வராந்தாவைத் தாண்டியதுமே பேசிக்கொண்டிருந்தவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள். ரொட்டியைப் பாலில் நனைத்துக்கொண்டிருந்தவர் டம்ளரை அப்படியே கீழே வைத்துவிடுவார். கடைசிக் கட்டில்காரர் சுவர்ப்பக்கம் திரும்பித் தூங்குவது போலப் படுத்துக்கொள்வார். தூங்குகிறவரை எழுப்பமாட்டார்கள் என்று அவருக்கு யார் சொன்னார்களோ. எழுப்புவார்கள்.

எங்கள் மாஸ்டர் மட்டும் எழுந்து உட்கார்ந்துகொள்வார். கட்டுப் போட்ட வலது கையை இடது கையால் நெஞ்சோடு அணைத்தபடி வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார். அது தைரியம் என்று நான் நினைத்தேன். அக்காதான் திருத்தினாள்.

"தைரியமா? கால் நடுங்குறது யாருக்கும் தெரியக் கூடாதுன்னு போர்வைக்குள்ள மடக்கி வெச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு, பாரு."

மாஸ்டர் மிட்டாய்க் கம்பெனியில் பாகு காய்ச்சுகிறவர். நான் அக்கா என்று கூப்பிடுவது அவருடைய மனைவியை. அதே கம்பெனியில் மிட்டாய்க்குத் தாள் சுற்றும் மேசையில் அக்காவுக்கு அடுத்த இடம் எனக்கு. குடியிருப்பதும் அவர்கள் வீட்டு மாடி அறையில்தான். வேலை விட்டதும் கணக்குப் பதிவு வகுப்புக்குப் போவேன். மாஸ்டர் ஆஸ்பத்திரியில் சேர்ந்த பிறகு, போகிற வழியில் சாப்பாட்டுத் தூக்கைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பாதி நாள் வகுப்பை விட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிடுவேன். அந்த வார்டில் டிரெஸ்ஸிங் சாயங்காலம்தான் என்பதால் அக்கா என்னைப் போகவிடமாட்டாள்.

"நீ பேச வேணாம். சும்மா பக்கத்துல நில்லு. போதும்" என்பாள்.

பாகு அண்டாவைச் சாய்க்கும்போது கைப்பிடியின் ஆணி கழன்றுவிட்டது. கொதித்த பாகு மாஸ்டரின் வலது கையில், மணிக்கட்டிலிருந்து விரல் நுனி வரைக்கும் இறங்கியது. வெந்நீர் கொட்டினால் வழிந்து போய்விடும். பாகு போகாது. பட்ட இடத்தில் ஒட்டிக்கொண்டு, ஒட்டிய இடத்திலேயே இன்னும் வேகவைக்கும். கம்பெனியில் சேருகிற ஒவ்வொருவருக்கும் முதல் நாளே இதைச் சொல்லிக்கொடுப்பார்கள்: ஒட்டினதை இழுக்காதே, தோலும் கூட வரும்; தண்ணியில வை; அதுவா விடும். எனக்குச் சொல்லிக்கொடுத்தது அக்காதான். அக்காவுக்குச் சொல்லிக்கொடுத்தது மாஸ்டர். அன்றைக்கு அவர் கையை நாங்கள்தான் தொட்டித் தண்ணீரில் அமுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தோம்.

"கை தப்பிச்சிரும். ஆனா புண்ணு அழுக்காகாமப் பாத்துக்கணும். அதுதான் முக்கியம்" என்று டாக்டர் சொல்லியிருந்தார். அக்காவுக்கு முதல் பாதி காதில் விழவில்லை. "ஆனா"விலிருந்துதான் விழுந்தது.

அந்த வார்டில் எல்லாரும் 'தண்ணி சிஸ்டர்' என்று சொல்லும் நர்ஸ் ஒருவர் இருந்தார். நடு வயது, தடித்த கண்ணாடி, ஓயாமல் கழுவிக் கழுவி வெளுத்துப்போன விரல்கள். முதல் நாள் மாஸ்டரை டிரெஸ்ஸிங் அறைக்குக் கூட்டிப்போனதும் வண்டியைத் தொடாமல் ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார். கதவு பாதி திறந்திருந்ததால் எங்களுக்குக் கேட்டது.

"உங்களை என்னன்னு கூப்பிடுறது?"

"கம்பெனியில மாஸ்டர்னு சொல்வாங்க."

"அப்ப எனக்கும் மாஸ்டர்தான். ரெண்டு விஷயம் சொல்லிடுறேன் மாஸ்டர். வலிக்காதுன்னு நான் சொல்ல மாட்டேன். வலிக்கும். ஆனா நீங்க நில்லுன்னு சொன்னா நிப்பேன். கையை எடுத்துருவேன். நீங்க மூச்சு விட்டு, 'ம்'னு சொன்னப்புறம்தான் மறுபடி தொடுவேன்."

"நான் 'ம்'னே சொல்லலைன்னா?"

"உக்காந்திருப்பேன். அடுத்த டியூட்டி ஆள் வந்தா அவங்களுக்கும் ஒரு ஸ்டூல் போடச் சொல்வேன்."

வார்த்தைக்கு வார்த்தை இதேதானா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஸ்டூல் விஷயம் மட்டும் நிச்சயம். ஏனென்றால் வெளியே முறைக்குக் காத்திருந்த பஸ் டிரைவர் அதற்குச் சிரித்தார். ரேடியேட்டர் மூடியைத் திறக்கப்போய்த் தொடை வரை வெந்து வந்தவர் அவர். மாஸ்டருக்குப் பக்கத்துக் கட்டில். வார்டில் அவருக்கு 'ரேடியேட்டர்' என்றே பெயர்.

"எனக்கும் இதே ஏற்பாடுதானே சிஸ்டர்?" என்று வெளியிலிருந்தே கேட்டார்.

"உங்களுக்கும்தான். ஆனா நீங்க நான் கதவைத் திறக்கும்போதே நில்லுன்னு சொல்லிடுறீங்களே."

"வண்டி ஓட்டுறவன் சிஸ்டர். தூரத்துலயே பிரேக் போட்டுப் பழக்கம்."

சிஸ்டர் வெதுவெதுப்பான உப்புத்தண்ணீரைக் கட்டின் மேல் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். துணி நனைந்து கனத்தது. "ஊறட்டும்" என்று சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். இழுக்கவில்லை. திரும்ப ஊற்றினார். திரும்ப, "ஊறட்டும்."

"பாகு பதம் எப்படிப் பாக்குறது மாஸ்டர்? எங்க வீட்டுல ஒவ்வொரு தடவையும் கல்லாப் போயிருது."

"விரலைக் குளுந்த தண்ணியில முக்கணும். டக்குனு பாகுல விட்டுக் கிள்ளி எடுத்து மறுபடி தண்ணியில போடணும். உருட்டினா தெரியும்."

"சுடாதா?"

"யோசிச்சாச் சுடும். யோசிக்கிறதுக்கு முன்னாடி எடுத்துரணும்... நில்லுங்க. நில்லுங்க சிஸ்டர்."

சத்தமே இல்லை. அக்கா என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் எனக்கு வளையல் பதிந்தது. கொஞ்சம் கழித்து உள்ளேயிருந்து மெல்ல ஒரு "ம்" வந்தது.

கட்டிலுக்குத் திரும்பியதும் மாஸ்டர் வியர்த்து வழிந்துகொண்டு அக்காவிடம் சொன்னார். "அவங்களுக்குத் தெரியுது. இழுக்கலை. தண்ணியில விட்டாங்க." கம்பெனியில் கூட யாரையும் அவர் அப்படிப் பாராட்டிக் கேட்டதில்லை.

சிஸ்டர் போகும்போது அக்காவின் கையை எடுத்து, நோயாளியின் கையைப் போலவே தலையணை மேல் உயர்த்திவைத்துக் காட்டினார். "இப்படி. நெஞ்சுக்கு மேல இருக்கணும். தொங்கவிட்டா வீங்கும். நீங்க எப்பக்கா கடைசியாத் தூங்கினீங்க?"

அக்கா தலையணையின் சுருக்கத்தை நீவிவிட்டாள். அதுவரை அவளிடம் அதை யாரும் கேட்டதில்லை.

மாஸ்டரின் அக்கா, எங்கள் அக்காவுக்கு நாத்தனார், தினமும் வருவார். வந்ததும் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்துகொள்வார்.

"என் தம்பி கையால ஊரே இனிப்புத் தின்னுச்சு. இன்னைக்கு அவனுக்கு ஒரு வாய் ஊட்ட ஆள் இல்லை."

"நான்தான் ஊட்டுறேன் அண்ணி. இப்பதான் முட்டை ஊட்டினேன்."

"நீ ஊட்டுறதைப் பார்த்தேன். கோழிக்குத் தவிடு வைக்கிற மாதிரி."

"கோழி நல்லாத்தான் தின்னுச்சு" என்றார் மாஸ்டர். நாத்தனாருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அப்படிச் சில நாட்கள் போயின. பயம் இருந்தது, அதோடு எப்படியோ புழங்கிக்கொண்டோம்.

பிறகு தண்ணி சிஸ்டரைப் பிரசவ வார்டுக்கு மாற்றினார்கள். அங்கே ஆள் குறைவாம். "வந்துருவேன் மாஸ்டர். அங்க அழுகை வேற மாதிரி, இதை மறந்துர மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் இடத்துக்கு ஒரு சின்ன வயது சிஸ்டர் வந்தார். அத்தனை கட்டிலுக்கும் அவர் ஒருத்தர். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் ஓடிய ஓட்டத்தைப் பார்த்திருக்கிறேன். ஆனால் ஊறவைக்க அவருக்கு நேரம் இல்லை. அன்றைக்கு மாஸ்டர் உள்ளே போன கொஞ்ச நேரத்தில் "நில்லுங்க" என்றார். பிறகு "நில்லுங்க, நில்லுங்க, நில்லுங்க" என்று கேட்டுக்கொண்டே இருந்தது. அதன்பின் வந்த சத்தத்தில் வார்த்தை இல்லை. அக்கா வராந்தாச் சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டாள்.

கதவு திறந்தது. "முடிஞ்சிருச்சு. பெரியவங்களே இப்படிக் கத்தினா மத்தவங்க பயப்பட மாட்டாங்களா?" என்றார் சின்ன சிஸ்டர். அவர் முகமும் வெளிறித்தான் இருந்தது. அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அன்று மாஸ்டர் பாலைத் தொடவில்லை. "தண்ணி சிஸ்டர் வந்தாத்தான். அதுவரைக்கும் கை அப்படியே இருக்கட்டும்" என்று ஒரே பேச்சு.

அடுத்த இரண்டு நாள் எனக்கு வகுப்பில் தேர்வு. தூக்கைக் கொடுத்துவிட்டு ஓடிவிட்டேன். மூன்றாம் நாள் ஞாயிறு, மத்தியானமே போனேன். வெளியே வெயில் காய்ந்துகொண்டிருந்தது. மின்விசிறி அனல் காற்றைக் கட்டிலுக்குக் கட்டில் தள்ளிக்கொண்டிருந்தது. மாஸ்டரின் உதடு வெடித்திருந்தது. நெற்றியைத் தொட்ட கையை உடனே எடுத்துவிட்டேன்.

"காய்ச்சல் அடிக்குதேக்கா."

"வெயிலுக்கு. வார்டே கொதிக்குது." அக்கா குனிந்து ரகசியம் போலச் சொன்னாள். "இங்க வா. மோந்து பாரு."

கைக்கட்டுக்குள்ளிருந்து இனிப்பு வாசனை வந்தது. எனக்கும் அது பழகிய வாசனைதான். வீட்டுக்குப் போனாலும் தலைமுடியில் இருக்கும், தலையணையில் இருக்கும்.

"உள்ள ஒட்டியிருந்த பாகு கரையுது" என்றாள் அக்கா. பல நாள் கழித்து அவள் முகத்தில் வெளிச்சத்தைப் பார்த்தேன். "நான் சொல்லலை? விட்டா அதுவா விடும்."

எனக்கும் அது சரி என்றே பட்டது. நாங்கள் இருவரும் வருஷக்கணக்காக அந்த வாசனையில் வேலை செய்தவர்கள்.

சாயங்காலம் தண்ணி சிஸ்டர் திரும்பி வந்தார். வாசலிலேயே, "என்ன மாஸ்டர், பதம் தவறலையே?" என்று கேட்டுக்கொண்டு வந்தவர் கட்டிலுக்கு நாலடி முன்னால் நின்றுவிட்டார். மூக்கு விடைத்தது. நாத்தனார் அப்போதுதான் வந்து உட்கார்ந்திருந்தார்.

"இது என்ன வாசனை?"

"பாகுதான் சிஸ்டர். உள்ள இருந்தது கரைஞ்சு வருது" என்றாள் அக்கா.

"பாகெல்லாம் முதல் நாளே கழுவியாச்சேக்கா. புண்ணு சீழ் பிடிச்சாலும் இப்படி இனிப்பா வாசனை வரும்."

சிஸ்டர் குனிந்து கட்டின் ஓரத்தைப் பார்த்தார். துணியில் பச்சையாக ஒரு கறை கசிந்திருந்தது. அதுவரை நான் அதை மருந்து என்று நினைத்திருந்தேன்.

"கட்டு எப்ப மாத்தினாங்க?"

அக்கா மாஸ்டரைப் பார்த்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"மாத்தலை சிஸ்டர். ரெண்டு நாளா. மத்தியானமே டாக்டர் பாத்து மாத்திட்டாருன்னு நான்தான் அந்தப் பொண்ணுகிட்டச் சொன்னேன். அவங்களும் சரின்னு அடுத்த கட்டிலுக்குப் போயிட்டாங்க. ஒட்டினதை இழுக்கக் கூடாது சிஸ்டர். இவரு கத்தினது... எங்க வேலையில விட்டா அதுவா விட்டுரும். அப்படித்தான்..."

"கையைத் தின்னுட்டியேடி" என்றார் நாத்தனார். கத்தவில்லை. அதுதான் கேட்கப் பயமாக இருந்தது. "என் தம்பி கையைத் தின்னுட்டியே. இந்த இனிப்பு வாசனையை மோந்துக்கிட்டா ரெண்டு நாளா உக்காந்திருந்தே?"

"அம்மா" என்று சிஸ்டர் நாத்தனார் பக்கம் திரும்பினார். "வெளியில கடையில ஐஸ் கிடைக்கும். ஒரு பை வாங்கிட்டு வர்றீங்களா? காய்ச்சலுக்கு. உங்களால ஆகுற காரியம் இப்ப அதுதான்."

நாத்தனார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு போனார்.

சிஸ்டர் டாக்டரைக் கூப்பிட ஓடினார். அவர் ஓடி நாங்கள் அதுவரை பார்த்ததில்லை. டாக்டர் வந்து கட்டுக்கு வெளியே தெரிந்த விரல் நுனிகளை அழுத்திப் பார்த்தார். எங்களுக்கும் கேட்கும்படியாகத்தான் சொன்னார்.

"உடனே பிரிச்சுக் கழுவுங்க. ஊசியால ஒவ்வொரு விரலா உணர்ச்சி இருக்கான்னு பார்த்துச் சொல்லுங்க. உணர்ச்சி செத்த விரலை வெச்சிருக்க முடியாது, சீழ் மேல ஏறிடும். நான் ஆபரேஷன் தியேட்டர்ல சொல்லி வைக்கிறேன்."

தியேட்டர் என்ற சொல்லுக்கு அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிஸ்டர் அவளைத் தூக்கவில்லை. தானும் பக்கத்தில் குந்தினார்.

"என்னைத் திட்டிருங்க சிஸ்டர்."

"திட்டுறதுக்கு இப்ப நேரமில்லக்கா. வேற ஒண்ணு வேணும். நீங்க உள்ள வரணும்."

"நானா? கூட இருக்குறவங்க வெளியதானே..."

"வெளிய நின்னா சத்தம் மட்டும்தான் கேக்கும். வெறும் சத்தம் ரொம்பப் பெருசா இருக்கும். உள்ள வந்து பாருங்க. அவருக்குத் தண்ணி நீங்க ஊத்துங்க. நீ ஜக்கைப் பிடிம்மா" என்று என்னையும் கூப்பிட்டார். பிறகு தணிந்த குரலில், "எனக்கும் பயமாத்தான் இருக்கு. ஆனா என் கைக்கு அது தெரியக் கூடாது" என்றார்.

டிரெஸ்ஸிங் அறையில் வெள்ளை ஓடு, இரும்பு மேசை, ஒற்றை ஜன்னல். மாஸ்டர் உட்காரும்போதே பல் கிட்டித்துக்கொண்டிருந்தது.

"மாஸ்டர், ஏற்பாடு அதேதான். நீங்க சொன்னா நிப்பேன். ஆனா இன்னைக்கு நிறுத்துற ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் சீக்கிரமா 'ம்' சொல்லணும். எனக்காக. முடியுமா?"

"முடியலைன்னா?"

"அப்பவும் நிப்பேன்."

அக்கா ஊற்றினாள். தண்ணீர் மேசையில் சிந்தியது. சிஸ்டர் அவள் முழங்கையைத் தாங்கிக்கொண்டார். "மெல்ல. துணி குடிக்கிற அளவுக்கு மட்டும். பாருங்க, ஓரம் தானா எழும்புது. இதுக்காகத்தான் காத்திருக்குறது. காயவிட்டா எழும்பாதுக்கா, இறுகும்."

"ஐயோ, தண்ணியில வெச்சாத்தான் விடும்" என்றாள் அக்கா, தனக்குத்தானே. "தண்ணியை மறந்துட்டேனே. விடுங்கிறதை மட்டும் வெச்சுக்கிட்டேனே."

சிஸ்டர் ஒவ்வொரு சுற்றாகப் பிரித்தார். இனிப்பு வாசனை அறையை நிறைத்தது. ஜக்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். மாஸ்டர் நில்லு என்றார், சிஸ்டர் நின்றார். அவர் 'ம்' என்றார், இவர் தொடர்ந்தார். ஒரு தடவை அந்த 'ம்' வர வெகுநேரமானது. சிஸ்டர் அவர் காலின் மேல் தன் செருப்பில்லாத பாதத்தை வைத்து மெல்ல அழுத்தியபடி உட்கார்ந்திருந்தார். அவர் முதுகில் சீருடை நனைந்து ஒட்டியிருந்தது.

கடைசித் துணி வந்தபோது அக்கா பார்த்தாள். முகத்தைத் திருப்பவில்லை. கையின் மேல்புறம் முழுக்கப் பச்சை படர்ந்திருந்தது. கழுவக் கழுவ அடியில் சிவப்புத் தெரிந்தது.

"சிவப்பு நல்லதுக்கா" என்றார் சிஸ்டர். சுண்டு விரல் பக்கம் மட்டும் சிவப்பு வரவில்லை. அங்கே சாம்பல் நிறமாக, மெழுகு போல இருந்தது. அந்த இடத்தில் அவர் இன்னொரு தடவை தண்ணீர் விட்டார்.

சுத்தம் செய்த ஊசி ஒன்றை எடுத்தார். "கண்ணை மூடுங்க மாஸ்டர். நான் தொடும்போது வலிச்சா சொல்லுங்க. அவ்வளவுதான்."

இத்தனை நாளும் வலிக்கக் கூடாது, வலிக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டிருந்தோம். இப்போது அக்காவின் உதடு வேறு எதையோ முணுமுணுத்தது.

கட்டைவிரல்.

"ஆ. வலிக்குது."

ஆள்காட்டி விரல். "வலிக்குது." நடுவிரலுக்குக் கையையே உதறினார். அக்கா அழுதுகொண்டே சிரித்தாள். மோதிர விரலுக்குக் கொஞ்சம் தாமதம். சிஸ்டர் இன்னும் கொஞ்சம் அழுத்தினார். "ம்... வலிக்குது, வலிக்குது."

சிஸ்டர் மூச்சை விட்டார். ஊசியைச் சுண்டு விரலுக்கு மேலே கொண்டுபோய், கண்ணாடியைச் சரிசெய்துகொள்வதற்காக ஒரு கணம் அப்படியே நிறுத்தினார்.

"வலிக்குது" என்றார் மாஸ்டர்.

அக்காவின் சிரிப்பு பாதியில் நின்றது.

"இன்னும் தொடலை மாஸ்டர்" என்றார் சிஸ்டர். குரலில் குற்றம் சொல்லும் தொனி இல்லை.

மாஸ்டர் கண்ணைத் திறக்கவில்லை. "சரி சிஸ்டர். தொடுங்க."

சிஸ்டர் தொட்டார். நுனியில், பிறகு நடுவில், பிறகு அடியில். ஊசி முனையில் தோல் குழிந்ததை நான் பார்த்தேன். மாஸ்டர் முகத்தை இறுக்கிக்கொண்டு, தோளைக் குறுக்கிக்கொண்டு, வரப்போகிற வலிக்காகக் காத்துக்கொண்டிருந்தார்.

"தொடுங்க சிஸ்டர்" என்றார் மறுபடியும். "நான் தாங்கிக்குவேன். தொடுங்க."

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பி வாயைப் பொத்திக்கொண்டாள். சத்தம் வராமல் பார்த்துக்கொண்டாள்.

சிஸ்டர் ஊசியைத் தட்டில் வைத்தார். அந்தச் சாம்பல் நிற விரலைத் தன் உள்ளங்கைக்குள் பொதிந்து பிடித்துக்கொண்டார். தன் விரல் ஒருவர் கைக்குள் இருப்பது தெரியாமல், மாஸ்டர் கண்ணை மூடியபடி இன்னும் காத்துக்கொண்டிருந்தார்.